அவரைப் பந்தலில் நின்ற கன்றுகள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எல்லா அளவிலும் நன்றாக இருக்க வேண்டும். குழந்தைக்கு அடுத்த பல் எட்டிப் பார்க்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம், அவள் அதைத் தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்ததில், பிள்ளைகள் என்னைத் தெருவில் பார்த்தால் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள். எங்கள் விஷயத்தில் ‘உடம்பளவில்’ என்று எழுதியதை நீ கவனித்திருப்பாய். நான் அளந்து எழுதும் சொல்லை அளந்து படிக்கிறவள் நீ. மற்ற அளவுகளைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்ல முயன்றேன். இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் “அப்பா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாய். காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது. பொறுமையாகப் படி, முழுவதும் படி, மாப்பிள்ளையிடமும் கொடு.

நம் காட்டைப் பற்றி உன் நிறுவனம் தயாரித்த அறிக்கையின் பிரதி எனக்குக் கிடைத்தது. நீ அனுப்பவில்லை, மேல்குடியிருப்புத் திட்ட அலுவலகத்தின் எழுத்தர் கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் நின்றபடியே “சார், உங்க பொண்ணு பேரு அச்சுல வந்திருக்கு, ஸ்வீட் எங்க?” என்று கேட்டார். உன் அம்மா உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவையே எடுத்துவந்து நீட்டினாள். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் கையெழுத்து இருந்தது. உன் பெயருக்கு முன்னால் என் பெயரின் முதலெழுத்தும் இருந்தது. கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டில் எழுத்தை மாற்றச் சொன்னபோது “அது என் கை மாதிரி, எடுத்து வேற கைய ஒட்ட முடியாது” என்று சொன்னவள் நீ. அன்று எனக்கு எவ்வளவு பெருமை இருந்ததோ, அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது அவ்வளவு குளிர் முதுகில் ஏறியது. கோபம் பிறகுதான் வந்தது. அது இன்னும் போகவில்லை. ஆனால் கோபத்தோடு எழுதினால் நீ என்னைப் புரிந்துகொள்ளாமல் என் கோபத்தை மட்டும் புரிந்துகொள்வாய் என்பதால், ஆறவைத்து எழுதுகிறேன்.

அறிக்கை சொல்வது என்ன என்று உனக்கே திரும்பச் சொல்வது வேடிக்கைதான், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் எழுதியவர்கள் தாம் எழுதியதை மறுபடி படிப்பதில்லை. நம் குடியிருப்பை ஒட்டிய காட்டில் நடுக்காட்டைவிட அதிக வகை மரங்கள் இருக்கின்றன. ஆகவே மனிதர்கள் பக்கத்தில் வாழ்வதால் காட்டின் மரவகைகளுக்குக் குறைவு ஏதும் நேரவில்லை. ஆகவே பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கும் மலைச்சரிவின் உச்சியில் சாலை வெட்டி, அதற்கப்பால் இருக்கும் மேட்டில் இரண்டாவது குடியிருப்பைக் கட்டுவதற்குக் காட்டின் பக்கமிருந்து ஆட்சேபம் இல்லை. எண்ணிக்கையில் பிழை இல்லை, மகளே. என் கல்லூரியின் கடைசி ஆண்டு மாணவர்களை அழைத்துப் போய், காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நீங்கள் எண்ணிய அதே கட்டங்களை நானும் எண்ணினேன். உன் தொகை சரி. தொகை சரியாக இருப்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. தப்பாக இருந்திருந்தால் திருத்திவிட்டுப் போயிருக்கலாம்.

அந்த அதிக வகைகள் எவை என்று பார்த்தாயா? கொய்யா, பப்பாளி, எலுமிச்சை, மா, சீத்தா. காலையில் காட்டுப்பக்கம் ஒதுங்குகிறவர்களும் விறகு பொறுக்கப் போகிறவர்களும் தின்று துப்பிய கொட்டைகள் முளைத்தவை. குப்பை கொட்டும் சரிவில் மட்டும் தோட்டப் பூமரங்கள் நான்கைந்து வகை நிற்கின்றன, யாரோ பூந்தொட்டியோடு வீசியது வேர் பிடித்திருக்கிறது. அவற்றோடு, வெயில் விழுந்த இடத்திலெல்லாம் அவசரமாக வளரும் குடையிலை மரங்கள். உன் அட்டவணையில் நம் குப்பைமேடு மிக வளமான காடாக ஆகியிருக்கிறது. ஒரு தெருவை நினைத்துப் பார். பழைய குடும்பங்களில் கிழவர்கள் மட்டும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளை பிறந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. காலியான அறைகளில் மாதத்துக்கு ஒருவராக வாடகைக்கு வந்து போகிறார்கள். கணக்கெடுப்பவர் வந்து தலைகளை எண்ணி, பல ஊர்க்காரர்கள் வாழும் செழிப்பான தெரு என்று எழுதிக்கொண்டு போகிறார். தலைக்கணக்கு சரி. தெரு செத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் முன்கைக் கனத்துக்கு மேற்பட்ட மரங்களைத்தான் எண்ண வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டீர்கள். அதற்குக் கீழே இருப்பவை மரம் அல்ல என்று யார் உங்களுக்குச் சொன்னது என்று தெரியவில்லை. என் வகுப்பில் நீ உட்கார்ந்ததில்லை, ஆனால் என் வீட்டில் வளர்ந்தவள்.

இங்கே ‘இரும்பன்’ என்று ஒரு மரத்தைக் கூப்பிடுவார்கள், உனக்கு நினைவிருக்கும். சாம்பல் நிறப் பட்டையில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடும். நகத்தால் கீறினால் உள்ளே துருச்சிவப்பு தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள சரிவைப் பாறையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பவை அந்த மரங்கள்தாம். அதன் விதை கோழிமுட்டை அளவு. அதை விழுங்கித் தொலைவில் கொண்டுபோய்ப் போடும் தொண்டை இருவாச்சி போன்ற பெரிய பறவைகளுக்குத்தான் உண்டு. நம் நாய்கள், கவண்கற்கள், கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகள் எல்லாம் சேர்ந்து அவற்றை உள்காட்டுக்கு ஓட்டிவிட்டன. இப்போது விதைகள் தாய்மரத்தின் காலடியிலேயே குவிந்து கிடக்கின்றன. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம், ஒவ்வொன்றிலும் எலி போட்ட துளை. அந்த எலிகளும் நாம் கூட்டிவந்தவைதான், நம் தானிய மூட்டைகளோடு. இதுவரை நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது வேறு. விரல் நீளக் கன்றுகள் சில இருந்தன. முழங்கால் உயரக் கன்றுகள் அங்கங்கே இருந்தன. அதன் பிறகு ஒன்றும் இல்லை, ஒரேயடியாகக் கிழமரங்கள்தாம். மணிக்கட்டுக் கனத்தில் ஒரு இரும்பன் கன்றைக்கூட இந்தச் சரிவு முழுவதிலும் நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் அரை நாள் நடந்து உள்ளே போனால் அந்தக் கனத்துக் கன்றுகள் தோளில் உரசுகின்றன. பறவை போனது மட்டும் காரணமென்றால், பறவை இருந்த காலத்தில் முளைத்தவையாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஏதோ ஒன்று அந்த ஒரு கனத்தை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. கனம் பார்த்து மேயும் மிருகம் எனக்குத் தெரிந்து கிடையாது. மாணவர்களை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் கொல்லையில் உன் அம்மாவின் அவரைப் பந்தல் சாய்ந்துவிட்டது. “வந்து ஒரு கை புடிங்க, காட்ட அப்புறம் காப்பாத்தலாம்” என்று கூப்பிட்டாள். போய் ஒரு காலைப் பிடித்து நிமிர்த்தினேன். பிடித்த இடத்தில் நகம் பட்டு ஒரு கீறல் விழுந்தது. துருச்சிவப்பு. பட்டையில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக. அடுத்த காலைப் பார்த்தேன், அதற்கடுத்ததைப் பார்த்தேன். மலை முழுக்கக் கட்டம் போட்டுத் தேடிய கன்றுகள் என் வீட்டுக் கொல்லையில் அவரைக்கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. “என்ன, கம்ப புடிச்சுக்கிட்டு பேயறஞ்ச மாதிரி நிக்கறீங்க?” என்றாள் அம்மா. சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சரி, இப்ப அவரைக்காய் பறிக்கலாமா கூடாதா, அத மொதல்ல சொல்லுங்க” என்றாள். அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தால் அவளுக்கு அப்படித்தான் பேச்சு வரும். அந்தப் பந்தல் நீ போனமுறை வந்தபோது அம்மாவுக்காகப் போட்டுக் கொடுத்தது. தோட்டத்துக்குக் கம்பு வெட்டி விற்கும் கம்புக்காரரிடம் “நல்லா உறுதியானதா பாத்து குடுங்கண்ணா” என்று நீதான் கேட்டாய். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உன் அறிக்கையில் விடுபட்டுப்போனவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள நீ இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை, உன் செல்போனில் இருக்கும் பந்தல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்று மாலை தெருத் தெருவாக நடந்தேன். துணி காயப்போடும் கொடிக்கால், கோழிக்கூட்டு வேலி, தக்காளிக்கு முட்டு, டிஷ் கட்டிய கம்பம், பள்ளிக்கூட மைதானத்தில் பந்தாட்ட வலை கட்டிய இரண்டு கால்கள், எல்லாம் இரும்பன். பின்வீட்டு ஓட்டுநர் அவர் வேலியை நான் கீறிப் பார்ப்பதைக் கண்டு, “வாத்தியாரே, பெயிண்டு அடிக்கப் போறீங்களா? அடிச்சா எங்க பக்கமும் சேத்து அடிச்சிருங்க” என்றார். போன ஆண்டு மரம் நடும் நாளில் திட்ட அலுவலகம் சாலையோரம் நட்ட அலங்காரக் கன்றுகளுக்குச் சுற்றிலும் கூண்டு கட்டினார்களே, அந்தக் கூண்டுகளின் கால்களும் இரும்பன்தான். நட்ட கன்று அநேகமாக எல்லா இடத்திலும் பட்டுப்போயிற்று. அதற்குக் காவல் நின்றதும் செத்த கன்றுதான்.

கம்புக்காரரைக் கடைத்தெருவில் பிடித்தேன். நல்ல மனிதர், பேச்சில் கெட்டிக்காரர். “சார், நாங்க மரம் வெட்டறவங்க இல்ல. இங்க யாரையும் கேட்டுப் பாருங்க, பெரிய மரத்துல ஒருத்தனும் கை வெச்சதில்ல. வெச்சா கை வெளங்காது. இது கம்பு சார், மரம் வேற கம்பு வேற” என்றார். கம்பு எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். “காட்டுலேருந்து” என்றார். காட்டில் அது என்னவாக நின்றது என்று கேட்டேன். “காலேஜ் வாத்தியார்னா பாக்கறவங்கள எல்லாம் பெயிலாக்கணும்னு இல்ல சார்” என்றார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவராகவே குரலைத் தாழ்த்தி, முன்பெல்லாம் பள்ளிக்கூடச் சரிவிலேயே கிடைத்துக்கொண்டிருந்தது, இப்போது அரை நாள் நடந்தால்தான் ஒரு கட்டு தேறுகிறது என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் மரத்தைக் கம்பு என்று நினைக்கிறார், வயிற்றுப்பாட்டுக்கு நினைக்கிறார். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், அதே மரத்தை விதியில் வரவில்லை என்று எண்ணாமல் விட்டுவிட்டு, பெயருக்கு முன்னால் அப்பனின் எழுத்தைப் போட்டுக் கையெழுத்திடுகிறார்களே, என் கோபம் அங்கேதான் போய் நிற்கிறது.

இனிப் பயத்தைச் சொல்கிறேன். மூன்று மழைக்கு முன்னால் பள்ளிக்கூடச் சரிவில் பெரிய இரும்பன் ஒன்று, உள்ளே உளுத்துப்போனது, காற்றில் விழுந்தது. அது விழுந்ததில் அதிசயம் இல்லை, வயதானது விழும். நடுக்காட்டில் அப்படி ஒன்று விழுந்தால், வெளிச்சத்துக்காகக் கீழே காத்திருக்கும் மணிக்கட்டுக் கனத்துக் கன்றுகள் எழுந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கே காத்திருக்க யாரும் இல்லை, எல்லோரும் பந்தலுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பள்ளத்தில் இப்போது குடையிலை மரங்களும் கொய்யாவும் நெருக்கமாக நிற்கின்றன. என் முன்கைக் கனத்தில் இருந்த ஒரு குடையிலை மரத்தைச் சும்மா பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒரே இழுப்பில் முள்ளங்கி போல வேரோடு கையில் வந்துவிட்டது. நான் பயில்வான் இல்லை என்று உனக்குத் தெரியும். வேர் ஒரு சாண்கூடக் கீழே இறங்கவில்லை. உன் வான்படத்தில் அந்த இடம் நல்ல பச்சையாகத் தெரிந்திருக்கும், சுற்றியுள்ளதைவிட இளம்பச்சையாகக்கூட. மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு இலைதான் தெரியும். சரிவைப் பிடித்துக்கொண்டிருப்பது இலை அல்ல.

நான் மண்ணறிவு படித்தவன் அல்ல, சரிவு பள்ளிக்கூடத்தை நோக்கி நகர்கிறது என்ற என் கணிப்பு தப்பாக இருக்கலாம். தப்பாக இருக்கலாம் என்பதால் பயம் குறையவில்லை. சரிவின் மேல்பாதையில் ஒரு வெடிப்பு ஓடுகிறது, போன மழைக்கு முன்னால் அதில் விரல் நுழைந்தது, இப்போது என் செருப்புக்கால் நுழைகிறது. கீழ்ப்பக்கத்துக் கொய்யா மரங்கள் எல்லாம் ஒரே திசையில், பள்ளிக்கூடத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன, யாரோ உள்ளே நடப்பதைக் குனிந்து எட்டிப் பார்ப்பது போல. அம்மாவின் வகுப்பறைப் பின்சுவர் வெயில் நாளிலும் ஈரம் கசிகிறது. அவள் பழைய செய்தித்தாளை ஒட்டி மறைத்துவைத்திருக்கிறாள். கதவு சட்டத்தில் பொருந்துவதில்லை. திட்டப் பொறியாளரைக் கையோடு அழைத்துவந்து காட்டினேன். அவர் கதவை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஈரத்துல கதவு உப்பும் சார், எங்க வீட்டுலயும் இதே கதைதான்” என்றார். “அது இரும்புத்தகட்டுக் கதவு, உங்கள் வீட்டில் இரும்பு உப்புமா?” என்று கேட்டேன். அவருக்கு முகம் மாறியது. கையில் இருந்த கோப்பைத் திறந்து, உன் அறிக்கையை என் முன்னாலேயே விரித்து, “காடு நல்லா இருக்குன்னு இதுல தெளிவா போட்டிருக்கு. போட்டது உங்க பொண்ணேதான். வீட்டுக்குள்ள பேசி முடிவு பண்ணிட்டு வாங்க” என்றார். கூட வந்த எழுத்தர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் வகுப்பெடுத்தவன், அந்த ஈரச்சுவரில் பிரிந்திருந்த செய்தித்தாளை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தேன். உன்னை அடித்ததே இல்லை நான், உனக்குத் தெரியும். அன்று முதல்முறையாக, நீ எதிரில் இல்லையே என்று நிம்மதிப்பட்டேன்.

அம்மாவைப் பள்ளிக்கூடத்தை மூடச் சொன்னேன், குறைந்தபட்சம் வரப்போகும் மழை முடியும்வரை. காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறு கட்டடம் கேட்டு அவளும் எழுதித்தான் இருக்கிறாள். மேல்குடியிருப்பு முடிவானதும் அங்கே புதுப் பள்ளிக்கூடமே வரப்போகிறது, அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. சரிவின் தலையை வெட்டிச் சாலை போட்ட பிறகு, அந்தச் சாலை வழியாகப் புதுப் பள்ளிக்கூடம் வருமாம். மூடினால் பிள்ளைகளை வீட்டிலும் விட மாட்டார்கள், செங்கல் சுமக்கக் கூட்டிப்போவார்கள், திரும்ப வகுப்புக்கு வரமாட்டார்கள் என்கிறாள் அம்மா. அதில் பொய் இல்லை. நான் விடாமல் பேசினால், “மழைக்கு பயப்படறீங்க, மரத்துக்கு பயப்படறீங்க, கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு நாளாவது பயந்திருக்கீங்களா?” என்று கேலி பண்ணிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அவளுக்குப் பயமே கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியில் கருத்துக்கேட்புக் கூட்டம். நீ செய்ய வேண்டியது இதுதான். அந்த அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்ட முடிவு, அறிக்கை எண்ணியவற்றால் நிற்காது என்று கூட்டத்துக்கு முன்னால் உன் பெயரில் எழுதி அனுப்ப வேண்டும். எண்ணிக்கையை மாற்றச் சொல்லவில்லை. எண்ணாமல் விட்டது எது என்று சொல்லச் சொல்கிறேன்: சிறு கனத்துக் கன்றுகளை எண்ணவில்லை, எந்த மரம் காட்டு மரம் எது நம் வாயிலிருந்து விழுந்தது என்று பிரிக்கவில்லை, பெரிய விதைகளைச் சுமக்கிற பறவைகள் இருக்கின்றனவா என்று பார்க்கவில்லை. மறுபடி எண்ணி முடிக்கும்வரை சரிவில் மண்வெட்டி படக்கூடாது. சரிவை மண்ணறிந்த ஒருவர் வந்து பார்க்க வேண்டும். இதை நான் சொன்னால் ஒரு கல்லூரி வாத்தியாரின் பிடிவாதம். நீ சொன்னால் அவர்களுடைய ஆதாரமே எழுந்து நின்று பேசியதாகும். இதனால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் எழுதவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, பல் முளைக்கும் குழந்தை இருக்கிறது, மாப்பிள்ளையின் ஒப்பந்தம் எப்போது முடியும் என்று தெரியாது. வேலை போனால் இங்கே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தச் சரிவின் கீழே உன் குழந்தையைக் கொண்டுவந்து படுக்கவைக்கச் சொல்ல என்னால் முடியாது. அந்த அளவுக்கு நான் பயந்திருக்கிறேன் என்று புரிந்துகொள்.

நீ எழுதாவிட்டால் நான் பந்தலைப் பிரித்துக் கம்புகளைத் தோளில் சுமந்துகொண்டு கூட்டத்துக்குப் போய் மேசைமேல் போடுவேன். இது உங்கள் பெண்ணின் அறிக்கைதானே என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். அந்த ஒரு சொல்லை நான் சொல்லும்படி வைத்துவிடாதே.

முதலில் இந்தக் கடிதத்தை இங்கேயே முடித்துவிடத்தான் நினைத்திருந்தேன். நேற்று நடந்ததால் முடிக்க முடியவில்லை. அம்மா கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள், கொடுத்துவிட்டு வரலாம் என்று மதியம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பறை மாறியிருந்தது. பின்சுவரை ஒட்டி வரிசையாக இருந்த பெஞ்சுகள் எல்லாம் முன்னால், வாசல் பக்கமாக நெருக்கிப் போடப்பட்டிருந்தன. அவளுடைய மேசையும் நாற்காலியும் பின்னால் போய், செய்தித்தாள் ஒட்டிய அந்த ஈரச்சுவரில் முதுகு படும்படி கிடந்தன. ஏன் என்று கேட்டேன். “பின்னாடி இருட்டா இருக்கு, புள்ளைங்க வெளிச்சத்துல உக்காரட்டும்” என்று என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியை வாங்கித் துடைத்தாள். வெளியே வந்தபோது பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு, டீச்சர் புது விளையாட்டு சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். டீச்சர் விசில் ஊதுவார். எழுதிக்கொண்டிருந்தாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடி, மைதானத்தைத் தாண்டி, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தண்ணீர்த்தொட்டியைத் தொட வேண்டும். பையை எடுத்தால் அவுட். தினமும் விளையாடுகிறார்களாம், எப்போது ஊதுவார் என்று யாருக்கும் தெரியாதாம். யார் ஜெயிப்பது என்று கேட்டேன். ஒவ்வொரு நாள் ஒவ்வொருவர் என்றார்கள். யார் தோற்பது என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில், “எப்பவும் டீச்சர்தான் சார் கடைசி” என்று சொல்லி, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இதைப் பற்றி அம்மாவிடம் நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே, தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் பல்லைப் பற்றியே பேசு.

நீயும் உன் வீட்டாரும் எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் நிம்மதியாக வாழ என் ஆசி எப்போதும் உண்டு, கோபத்திலும் உண்டு. குழந்தை எதையும் கடிக்கும் வயது, கையில் கிடைப்பதைப் பார்த்துக் கொடு. வானிலைச் செய்தியில் எங்கள் பக்கம் அடுத்த வாரம் மழை தொடங்கும் என்கிறார்கள். எழுத வேண்டியதை அதற்குள் எழுதிவிடு.

உன் பெயரின் முன்னால் நிற்கும்,
அப்பா